திருமதி அமிர்தநாயகத்தின் ஆட்டம்

வவுனியா
8.2.1998

அன்பின் மெற்றில்டா,

உம்முடைய கடிதம் பிரிக்கப்பட்டு, திரும்ப ஒட்டப்பட்டு, ஒருவழியாக வந்து சேர்ந்தது. வழியில் எத்தனை பேர் வாசித்தார்களோ தெரியாது. என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதியிருந்தீர், பரவாயில்லை.

மாற்றலாகி வந்ததிலிருந்து லீவு என்ற பேச்சே இல்லை. இடம்பெயர்ந்து வந்த சனத்தைப் பதிவதற்கே எங்கள் கந்தோரில் ஆள் போதாது. நத்தாரும் இங்கேதான், வருடப் பிறப்பும் இங்கேதான். இங்கே வர உமக்கும் ஆமிக்காரர் பாஸ் தர மறுத்துவிட்டார்கள் என்று அறிந்து ஆத்திரம் வந்தது. நோயாளியைப் பார்க்கப் போகிறேன் என்று எழுதியிருக்கலாம். புருஷனைப் பார்க்கப் போகிறேன் என்று உண்மையை எழுதினால் யார் தருவார்கள்?

பின்னேரங்களில் கன்ரீனில் செஸ் பலகை விரிக்கிறோம். என்னை வெல்ல இங்கே ஆள் இல்லை. மன்னார் மாவட்டச் சம்பியன் என்று ஒருவன் என்னைப் பட்டம் சொல்லித்தான் கூப்பிடுகிறான். நீர் இருந்தால் பார்த்துச் சிரித்திருப்பீர்.

சித்திரை மாதக் கடைசியில் இங்கே வடபகுதிச் செஸ் போட்டி நடக்கப் போகிறது. எங்கள் கழகத்திலிருந்து ஐந்து பேர் வருவார்களாம், அணிக்கு மொத்தமாகப் பாஸ் கிடைக்குமாம். கழகச் செயலாளர் கொன்ஸ்ரன்ரைன் எழுதியிருந்தான். நான் இல்லாத அணி என்ன அணியோ. அது இருக்க, அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவுப் போட்டியில் 'நானும் விளையாடிப் பார்க்கட்டா' என்று கேட்டிருக்கிறீர். சிரிப்பு வந்தது, கோபிக்க வேண்டாம். தாராளமாகப் போம். ஆனால் வீட்டில் ஊரடங்குக்குள் என்னோடு விளையாடுவது வேறு, கோயிலடிப் பங்கு ஹோலில் ஆண்கள் சுற்றி நின்று பார்க்க மணிக்கூட்டோடு விளையாடுவது வேறு. பெண்களுக்கு ஒரு காய் போனால் மனம் கலங்கிவிடும். அடிபட்டு வந்து அழக்கூடாது, இப்போதே சொல்லிவிட்டேன்.

அன்புடன்,
அமிர்தநாயகம்


தோட்டவெளி
1.3.1998

அன்பின் அத்தானுக்கு,

அழவில்லை. வென்றுவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஹோலுக்குள் போனால் நான் ஒருத்திதான் பெண். கரும்பலகையில் எல்லோருடைய பெயரும் இருந்தது. என்னுடையதை 'திருமதி அமிர்தநாயகம்' என்று எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்தவுடன் நீங்களும் பக்கத்தில் இருப்பதுபோல எனக்குத் தைரியமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

முதலில் எதிரே இருந்தவர் தபால்கந்தோர்க்காரர். அவர் எனக்கு ராணியைத் தருவதா குதிரையைத் தருவதா என்று மரியாதை பார்த்துக்கொண்டிருக்கையில் நான் இரண்டையும் எடுத்துவிட்டேன். எழும்பும்போது, "அவர்ட ஆட்டம் அப்பிடியே வருது ரீச்சர், நல்லாப் பழக்கியிருக்கிறார்" என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் ஒரு படி மேலே போய், "எனக்கு உங்களோட விளையாடின மாதிரி இல்லை, அமிரோட விளையாடின மாதிரி இருந்தது" என்றார். எல்லாரும் எனக்குப் பின்னால் உங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். நான் சிரித்துக்கொண்டே இருந்தேன்.

கடைசி ஆட்டம் அருளப்பனோடு. சங்கக்கடை மனேச்சர், உங்களுக்குத்தான் தெரியுமே, நீங்கள் போன பிறகு, அணியின் சிறந்த ஆளுக்குரிய முதலாம் மேசை தனக்கு என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தவர். மூன்று மணித்தியாலம் இழுத்தார். அவருடைய குதிரை மூலைக்குள் போய் அகப்பட்டதும் ராசாவைச் சரித்துவிட்டு எழும்பினார். நான் கை நீட்டினேன். "தவக்காலம் ரீச்சர்" என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார். தவக்காலத்தில் கைகொடுக்கக் கூடாது என்று எந்தச் சுவாமி சொன்னாரோ.

ஐந்து பேரில் எனக்குத்தான் முதலாம் மேசை. அடையாள அட்டை இலக்கத்தைக் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் எழுதி எடுத்துவிட்டார். அணியோடு எனக்கும் பாஸ். சித்திரைக் கடைசியில் நான் உங்களுக்கு முன்னால் நிற்பேன். உங்களைப் பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. கடிதத்தைப் பிரிப்பவர்கள் வாசித்தால் வாசிக்கட்டும்.

மெற்றில்டா


வவுனியா
12.3.1998

அன்பின் மெற்றில்டா,

நீர் வருகிறீர் என்ற இடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கே குருமன்காட்டில் ஒரு வயதான அம்மா வீட்டில் றூம் பேசிவிட்டேன். போட்டி முடிந்ததும் உம்மை ஒரு கிழமையாவது மறித்து வைக்க வேண்டும். பாஸைப் பற்றிப் பிறகு பார்ப்போம்.

பாரைக் கருவாடு கொண்டு வாரும். வீட்டில் உடுத்த என்னுடைய நீலச் சாரமும். வென்றது நல்லது, அதற்காகத் தலைகால் தெரியாமல் நடக்க வேண்டாம். இங்கே வருபவர்கள் பெரிய ஆட்கள். நீர் பாய்ந்து அடிக்கப் போகாமல் காவல் பார்த்து விளையாடினால் சமநிலையாவது எடுக்கலாம். வந்ததும் இருத்திச் சொல்லித் தருகிறேன்.

கொன்ஸ்ரன்ரைனும் எழுதியிருந்தான். "ரீச்சரின் ஆட்டத்தில் உன்ர கைவேலை ஏதும் இருக்கோ" என்று கேட்டிருந்தான். நானும் சிரிப்புக்குப் பகிடியாக இரண்டு வரி எழுதிப் போட்டிருக்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளும்.

அமிர்தநாயகம்


தோட்டவெளி
24.3.1998

திரு. அமிர்தநாயகம் அவர்களுக்கு,

நீங்கள் பகிடியாக எழுதிய இரண்டு வரியையும் நேற்றுக் கழகக் கூட்டத்தில் வாசித்தார்கள். உங்களுக்கு மறந்திருந்தால் நான் எழுதுகிறேன், எனக்கு மனப்பாடமாகிவிட்டது. 'தெரிவுப் போட்டியில் அவ வைத்த காய் எல்லாம் நான் இங்கிருந்து எழுதி அனுப்பியதுதான். சொந்தமாக யோசிக்கத் தெரியாவிட்டாலும் சொன்னதைப் பிழைவிடாமல் செய்வா.'

வாசித்து முடிந்ததும் எல்லோருக்கும் ஒரு ஆறுதல் வந்ததை நான் கண்ணால் கண்டேன். தபால்கந்தோர்க்காரர் கதிரையில் நன்றாகச் சாய்ந்து இருந்தார். "அப்ப நாங்கள் சம்பியனிட்டத்தானே தோத்தனாங்கள்" என்றார். கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் சட்டப் புத்தகத்தைப் புரட்டி, வெளியாள் உதவியோடு விளையாடியது செல்லாது என்றார். என்னுடைய இடம் அருளப்பனுக்கு. பாஸுக்குப் போன பெயர்களில் என் பெயரை வெட்டி அவருடையதை எழுதினார்கள். ஒரு நிமிஷ வேலை.

நான் எழும்பிக் கேட்டேன். "வவுனியாவில இருந்து கடிதம் வர பத்து நாள் செல்லும். அருளப்பன் தன்ர குதிரையைக் கையில பிடிச்சுக்கொண்டு பத்து நாள் இருந்தவரோ?" ஒருவரும் சிரிக்கவில்லை. "அவரே எழுதிப்போட்டார் ரீச்சர், நாங்கள் என்ன செய்யிறது" என்றார்கள். உங்கள் கடிதங்கள் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. அவற்றில் கருவாடு இருக்கிறது, சாரம் இருக்கிறது. காய் எங்கே இருக்கிறது?

என் வாயால் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எனக்குச் செஸ் பழக்கிய முதல் வருடம் நான் தோற்றது உண்மை. அதற்குப் பிறகு தோற்றதெல்லாம் நானாகத் தோற்றது. ஒருமுறை உங்களை வென்றுவிட்டேன், நினைவிருக்கிறதா? சோற்றைத் தொடாமல் தள்ளிவிட்டுப் போய்ப் படுத்தீர்கள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்குச் செஸ்ஸைவிட வீட்டுச் சமாதானம் பெரிதாக இருந்தது. கலியாணம் கட்டிய பெண்களுக்கு இதை யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. நல்ல காயைக் கண்டபிறகும் அதை வைக்காமல், உங்கள் முகத்தைப் பார்த்து, கூடாத காயை வைப்பேன். அதற்காக இன்றைக்கு உங்களைவிட என்னை நினைத்துத்தான் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நான் அப்போதே வென்றிருந்தால் உங்களுக்கு இப்படி எழுதக் கை வந்திருக்காது.

நான் வரமாட்டேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லி றூமை விட்டுவிடுங்கள்.

மெற்றில்டா


வவுனியா
2.4.1998

மெற்றில்டா,

'அன்பின்' என்று போடக் கை கூசுகிறது.

பகிடி என்று உமக்கு எழுதினேன். பகிடி இல்லை. கொன்ஸ்ரன்ரைனின் கடிதம் கந்தோருக்குத்தான் வந்தது. கன்ரீனில் வைத்து வாசித்தேன். பக்கத்தில் இருந்த எங்கள் கந்தோர்த் தங்கையா எட்டிப் பார்த்து, நீர் முதலாம் மேசை என்பதை எல்லோருக்கும் உரத்து வாசித்தான். "அப்ப சம்பியன், வீட்டில ஆர் முதலாம் மேசை?" என்றான். மேசை முழுக்கச் சிரிப்பு. தேத்தண்ணீர் கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான். நான் அங்கேயே, அந்த மேசையிலேயே, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பதில் எழுதினேன். எழுதியதை அவர்களுக்கு வாசித்தும் காட்டினேன். பிறகு ஒட்டித் தபாலில் போட்டுவிட்டுத் திரும்ப வந்து ஒரு ஆட்டம் ஆடினேன். வென்றேன். இவ்வளவுதான் நடந்தது. நீர் வருவதற்கு இருந்த ஒரே வழியை என் கையாலேயே அடைத்தேன் என்று அப்போது எனக்குத் தோன்றவேயில்லை. நாலு பேர் சிரிப்பதை நிறுத்த வேண்டும், அதுதான் வேண்டியிருந்தது.

நீர் வேண்டுமென்று தோற்றதாக எழுதியதை முதலில் நான் நம்பவில்லை. கோபம்கூட வந்தது. பிறகு பாயில் கிடந்து எங்கள் ஆட்டங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். நீர் காயில் கை வைத்து, என் முகத்தைப் பார்த்து, கையை எடுத்து வேறொன்றை நகர்த்துவீர். அதை நான் பயம் என்று நினைத்திருந்தேன். பெண்பிள்ளை தடுமாறுகிறாள் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டுமிருக்கிறேன். இதை எழுதுவது எனக்கு எவ்வளவு கேவலமாக இருக்கிறது என்று உமக்கு விளங்கும்.

கழகத்துக்கு இன்றே எழுதிவிட்டேன். உமக்கும் தெரிய வேண்டும் என்பதால் அதை அப்படியே கீழே எழுதுகிறேன்.

'நான் முன்னர் எழுதியது பொய். என் மனைவிக்கு ஒரு காயும் எழுதி அனுப்பவில்லை. உங்களை வென்றது அவரேதான். என்னைவிட அவர் நன்றாக விளையாடுவார், என்னோடு தோற்றதெல்லாம் எனக்காகத் தோற்றது. அவருடைய இடத்தை அவருக்கே கொடுக்க வேண்டும்.'

இதை எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறேன். மானம் போனால் போகட்டும்.

அமிர்தநாயகம்


தோட்டவெளி
19.4.1998

அன்பின் அத்தானுக்கு,

உங்கள் மானம் போகவில்லை. எக்கச்சக்கமாகக் கூடியிருக்கிறது.

இன்று பூசை முடிந்து ஹோலில் கூட்டம். கொன்ஸ்ரன்ரைன் அண்ணர் உங்கள் கடிதத்தை எழும்பி நின்று வாசித்தார். 'எனக்காகத் தோற்றது' என்ற இடத்தை இரண்டுதரம் வாசித்தார். முடிந்ததும் கைதட்டினார்கள். பங்குச் சுவாமி எழும்பி, "மனுசிக்காகத் தன்னையே தாழ்த்தி எழுதியிருக்கிறார். இப்பிடி ஆம்பிளையள் எங்கட பங்கில எத்தினை பேர் இருக்கினம்?" என்று கேட்டார். தபால்கந்தோர்க்காரர் தலையாட்டி, "பொய் எண்டு தெரியுது, ஆனா எவ்வளவு வடிவான பொய்" என்றார். வெளியே வந்தால் பெண்கள் என் கையைப் பிடித்து, நான் குடுத்து வைத்தவள் என்கிறார்கள்.

நீங்கள் பொய் எழுதியபோது ஒரு ஆளாவது சந்தேகப்படவில்லை. உண்மையை எழுதியபோது ஒரு ஆளாவது நம்பவில்லை. உங்களைத் திட்டுவதற்கு இனி ஒன்றும் இல்லை. நீங்கள் உங்களால் ஆனதைச் செய்தீர்கள்.

பிறகு எனக்கு ஒரு தருமம் செய்தார்கள். "பிள்ளையளைப் போல அஞ்சு ஆம்பிளையள் போறம், தேத்தண்ணி சாப்பாடு பாக்க ஒரு ஆள் வேணும்தானே. ரீச்சர் வரட்டும், அவரையும் பாத்ததா இருக்கும்" என்றார் கொன்ஸ்ரன்ரைன் அண்ணர். நல்ல மனதோடுதான் சொன்னார், அதுதான் தாங்க முடியவில்லை. ஆறாவது பாஸ் எனக்கு. நான் பலகையை எடுத்து மேசையில் வைத்தேன். அருளப்பனைப் பார்த்து, "இருங்கோ. இப்ப, இங்க. நான் தோத்தா வாய் திறக்கமாட்டன்" என்றேன். அவர் சுவாமியைப் பார்த்தார். "கோவத்தில விளையாடுறது பொம்பிளையளுக்கு வடிவில்லை ரீச்சர்" என்றார். ஒருவரும் எனக்கு எதிரே வந்து இருக்கவில்லை. நானே அடுக்கி, நானே திரும்பப் பெட்டிக்குள் போட்டேன்.

பாஸ் இப்போது என் கைப்பைக்குள் இருக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், வைக்கிறேன். தண்ணீர் கொதிக்க வைப்பது ஒரு பெரிய விஷயமில்லை, அது எனக்கு நாளாந்த வேலை. உங்களைப் பார்க்க ஆசை தொண்டைவரை இருக்கிறது. ஆனால் அருளப்பன் என் கதிரையில் இருக்க, நான் அவருக்குச் சீனி போதுமா என்று கேட்க வேண்டும். போட்டி முடிந்து உங்களிடம் வந்து, வரவைத்ததற்கு நன்றி சொல்ல வேண்டும். மாதாவிடம் கேட்டிருக்கிறேன், இன்னும் ஒரு முடிவும் வரவில்லை.

நான் பஸ்ஸில் இல்லாவிட்டால், ஆசை இல்லாமல் அல்ல என்று தெரிந்துகொள்ளுங்கள்.

மெற்றில்டா


வவுனியா
4.5.1998

அன்பின் மெற்றில்டா,

பஸ் வந்த இடத்தில் நான் காலையிலிருந்து நின்றேன். ஐந்து பேர் இறங்கினார்கள். பிறகும் நான் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்தேன். கொன்ஸ்ரன்ரைன் கருவாட்டுப் பொட்டலத்தைத் தந்து, "ரீச்சருக்கு வரச் சுகமில்லையாம்" என்றான். உமக்கு ஒரு சுகயீனமும் இல்லை என்று எனக்குத் தெரியும். பொட்டலத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னை அவர்கள் வரிசையாகக் கட்டிப்பிடித்தார்கள். "பெரிய மனசு அமிர்" என்றார்கள். "நான் எழுதினது உண்மையடா, அவளை என்னால வெல்ல ஏலாது" என்று சொன்னேன். "பாத்தியளோ, இன்னும் அதையே சொல்லுறான்" என்று சிரித்தார்கள்.

இனி எழுதுவதை எழுதாமல் விடலாம். நீர் அங்கே இருக்கிறீர், கழகத்துக்காரரும் இதைச் சொல்லமாட்டார்கள். ஆனால் எழுதாவிட்டால் நான் இன்னும் மோசமானவன் ஆகிவிடுவேன்.

இரண்டாம் நாள் அருளப்பனுக்கு வயிற்றோட்டம். இங்கத்தைத் தண்ணீர் அப்படி. அவன் முதல்நாள் ஆடிய எல்லாவற்றிலும் தோற்றிருந்தான். கொன்ஸ்ரன்ரைன் கந்தோருக்கு ஓடி வந்து, "நீயும் எங்கட கழகம்தானே, வந்து இரு" என்றான். முதலாம் மேசை. உம்முடைய இடம் அது, வேறு யாருக்கும் உரிமை இல்லாதது. 'இல்லை' என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் கால் நடந்து போய்விட்டது. போட்டிருந்த சேர்ட்டைக்கூட மாற்றிக்கொண்டு போனேன், மெற்றில்டா.

எதிரே இருந்தது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. பதினான்கு வயதுதான் இருக்கும். வெள்ளைச் சட்டை, இரட்டைப் பின்னல், காலில் செருப்பு. இடம்பெயர்ந்து வந்து முகாமில் இருக்கிற குடும்பமாம். அவளைப் பார்த்ததும் எனக்குள் ஒரு ஆறுதல் வந்தது. அது என்ன ஆறுதல் என்று உமக்கு நான் சொல்லத் தேவையில்லை. மெதுவாக விளையாடி, அழவைக்காமல் முடிப்போம் என்று நினைத்தேன்.

அவள் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. பலகையை மட்டும்தான் பார்த்தாள். நான் இரண்டு குதிரையும் இழந்து, ராசாவை மூலைக்கு மூலை இழுத்துக்கொண்டு திரிந்தபோது கந்தோர் ஆட்களும் வந்து பின்னால் நின்றார்கள். தங்கையாவும் நின்றான். அவள் ராணியைக் கொண்டுவந்து வைத்து, மிகவும் மரியாதையாக, "முடிஞ்சுது அங்கிள்" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கை கொடுத்திருக்க வேண்டும். நான் நெற்றியைப் பிடித்தேன். "விடியத் தொடக்கம் சரியான தலையிடி பிள்ளை" என்றேன். அது என் வாயிலிருந்துதான் வந்தது. உமக்கு அவ்வளவும் எழுதிய பிறகு, அவ்வளவும் நடந்த பிறகு.

அந்தப் பிள்ளை அதை நம்பிவிட்டது. முகம் வாடிப்போய், தன் பைக்குள் கைவிட்டுத் துழாவி, முகாமில் கொடுத்த மருந்துக் குளிசை ஒன்றை எடுத்தது. "இதைப் போடுங்கோ அங்கிள், அம்மாவுக்கு வாங்கினது, இன்னும் கிடக்கு" என்றது. போத்தலைத் திறந்து தண்ணீரும் தந்தது. வேண்டாம், எனக்குத் தலையிடி இல்லை என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். சுற்றி அத்தனை பேர் நின்றார்கள். நோய்க்காரத் தாய்க்கென்று வைத்திருந்த குளிசையை வாங்கி, அவள் பார்த்துக்கொண்டிருக்க விழுங்கினேன்.

இதைக் கழகத்துக்கு எழுதமாட்டேன். எழுதினால் இதற்கும் என்னைப் புகழ்வார்கள்.

ஆனி மாதம் நாலு நாள் லீவு தருவதாகச் சொல்கிறார்கள். வரட்டா, வேண்டாமா என்று நீரே எழுதும். வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்கமாட்டேன்.

அமிர்தநாயகம்


தோட்டவெளி
15.5.1998

அன்பின் அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தவள் விளக்குமாற்றோடு நின்றே வாசித்தேன். குளிசை வந்த இடத்தில் நிலத்திலேயே இருந்துவிட்டேன்.

எவ்வளவோ எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கால், உங்கள் வாய், உங்கள் நெற்றி, உங்கள் வெட்கம். சுற்றி நின்ற ஆண்களின் பெயர்களும் இருக்கின்றன. உங்களை வென்ற பிள்ளையின் பெயரை எங்கும் காணவில்லை. முன்னும் பின்னுமாகத் தேடிப் பார்த்தேன். நீங்கள் கேட்கவேயில்லை என்று நினைக்கிறேன்.

லீவு கிடைத்தால் வாருங்கள். அதற்கு முதல் அந்த முகாமுக்குப் போய் அவளுடைய பெயரைக் கேட்டு எனக்கு எழுதுங்கள்.

மெற்றில்டா